தண்டவாளத்தின் மேல் ஒரு கை

அலுவலகத்தில் அவரைப் படிக்கட்டு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அது லிப்டு பழுதுபார்க்கும் நிறுவனம். நான்காவது மாடியில் அலுவலகம். கட்டடத்தில் இரண்டு லிப்டுகள் உண்டு. இரண்டையும் அந்த நிறுவனமே பராமரிக்கிறது. அப்படியிருந்தும் பன்னிரண்டு வருடங்களாக அக்கா ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை. காலை எட்டு மணிக்கு எண்பத்தெட்டுப் படிகளையும் ஏறி, மூச்சு வாங்கக் கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொள்வார்.

லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களோடு பேசுவதுதான் அவர் வேலை. எங்கோ ஒரு கட்டடத்தில் யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்துவார்கள். அக்காவின் திரையில் கட்டடத்தின் எண் மினுக்கும். "பயப்படாதீங்க. நான் லைன்லயே இருக்கேன். மெக்கானிக் கிளம்பிட்டார்." இதுதான் முதல் வாக்கியம். பிறகு கேள்விகள். எத்தனை பேர் இருக்கிறீர்கள்? யாருக்காவது உடம்பு சரியில்லையா? தரையில் உட்கார முடியுமா? கதவு திறக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது விதி. ஒரு அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாக அழுதிருக்கிறார். ஒரு மாப்பிள்ளை தன் கல்யாணத்துக்கே போக முடியாமல் மாட்டிக்கொண்டு, முகூர்த்தம் முடிவதற்குள் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். எல்லோரிடமும் அக்காவின் குரல் ஒரே மாதிரி இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீர் போல.

வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம் லிப்டுக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர் பேச்சை நிறுத்தினார். ஏழு நிமிடம் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. அதன்பின் அதுவும் கேட்கவில்லை. "சார், சார், இருக்கீங்களா?" என்று அக்கா பதினோரு நிமிடம் வெறும் இரும்புப் பெட்டியோடு பேசினார். கதவைத் திறந்தபோது அவர் மயங்கிக் கிடந்தார், பிழைத்துக்கொண்டார். மறுநாள் அலுவலகத்துக்கு வந்த அக்காவுக்கு லிப்டின் கதவு திறந்ததும் கால் நகரவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்.

அதோடு நிற்கவில்லை அந்தப் பயம். சினிமாவுக்குப் போனால் வாசலுக்குப் பக்கத்து இருக்கை. டாக்டர் தலையை ஸ்கேன் எடுக்கச் சொன்னபோது, அந்தக் குழாயைப் பார்த்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "நம்ம வீட்டு பாத்ரூம்ல தாழ்ப்பாள் சும்மா அழகுக்கு" என்பார் பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் கணவர். பயத்தை மறைக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எங்கே போனாலும் முதலில் வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்வது. எத்தனை அடி, எந்தப் பக்கம், கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா. யாருக்கும் தெரியாமல் மனதுக்குள் எண்ணி முடித்துவிடுவார்.

ஐம்பத்தொரு வயதில் சர்க்கரை கொஞ்சம் கூடியது. நடக்கச் சொன்னார்கள். பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கும் தங்கை ஒரு நடைக் குழுவில் இருந்தாள். மாதம் ஒரு ஞாயிறு காட்டுப் பக்கம் போவார்கள். "சும்மா சமதரையா இருக்கும்க்கா. பழைய ரயில் பாதை. ரயில் நின்னு முப்பது வருஷம் ஆச்சு" என்றாள்.

"டனல் கினல் இருக்கா?"

"இருக்கு. ஆனா நாம அதுக்குள்ள போகல. மேல மலையோரமா ஒத்தையடிப் பாதை இருக்கு. மைல்கல் சார் வரைபடம் போட்டே காட்டினார்."

மைல்கல் சார் குழுவின் தலைவர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். நடையில் அடிக்கடி நின்று, "இதுவரைக்கும் ரெண்டே முக்கால்" என்று தூரம் சொல்வதால் அந்தப் பெயர். அன்று வந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். மைல்கல், ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, பன் பொட்டலத்தோடு வந்த பேக்கரிக்காரர், தங்கை, அக்கா.

காலை ஏழரைக்குக் காட்டுக்குள் இறங்கினார்கள். பாதை மெதுவாக மேலேறியது. ஜல்லிக்கு நடுவே புல் முளைத்திருந்தது. குறுக்குக் கட்டைகள் சில இடங்களில் மட்கிப்போய்க் கேக் மாதிரி உதிர்ந்தன. ஆனால் தண்டவாளம் அப்படியே இருந்தது. அக்கா அதன்மேல் கால் வைக்காமல் ஓரமாகவே நடந்தார்.

"ரயில் வராதுல்ல?" என்று ஒருமுறை கேட்டேவிட்டார்.

பல் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "வந்தா டிக்கெட் வாங்கிடுவோம் அக்கா. கால் வலிக்குது."

பழைய ரயில் நிலையம் ஒன்றைத் தாண்டினார்கள். கூரை இல்லாத அறை, மேடை, மேடையைப் பிளந்துகொண்டு நின்ற மரம். அங்கேதான் பேக்கரிக்காரர் பக்கத்துத் தண்டவாளத்தைக் காட்டினார். அது பாதியில் முடிந்திருந்தது. வெட்டிய முனை புதிதாக, நீலமும் பழுப்புமாக மின்னியது.

"கேஸ் வச்சு வெட்டியிருக்காங்க. இரும்பு எடுக்கிறவங்க வேலை" என்றார்.

யாரும் அதை அதற்குமேல் யோசிக்கவில்லை.

நிலையத்திலிருந்து இருநூறு அடி தள்ளிச் சுரங்கத்தின் வாய். மைல்கல் சொன்ன ஒற்றையடிப் பாதை அதற்குப் பக்கத்தில் மேலேற வேண்டும். ஏறவில்லை. போன வாரத்து மழையில் மண் சரிந்து, நான்கைந்து மரங்கள் வேரோடு பாதையின்மேல் கிடந்தன. மைல்கல் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டுச் சேறும் கையுமாக இறங்கி வந்தார்.

"முடியாது. டனல் வழியாத்தான் போகணும். நானூறு மீட்டர்தான். ஆறு நிமிஷம். நான் மூணு தடவை போயிருக்கேன்."

அக்கா சுரங்கத்தின் வாயைப் பார்த்தார். உள்ளே சுவர் வளைந்து போனது. மறுமுனை வெளிச்சம் தெரியவில்லை. அதிலிருந்து வந்த காற்று, திறந்த குளிர்பெட்டியின் காற்றுப் போல முழங்காலில் பட்டது.

"நான் திரும்பிப் போறேன்" என்றார்.

"தனியாவா? ரெண்டு மணி நேரம் காட்டு வழி அக்கா" என்றாள் தங்கை. பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நான் உன் கையப் பிடிச்சுக்கறேன். கண்ண மூடிக்கோ."

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னதுதான் அக்காவுக்குக் கோபம் வரவழைத்தது. கண்ணை மூடினால் வழியை எப்படிப் பார்ப்பது? அந்தக் கோபத்திலேயே உள்ளே காலெடுத்து வைத்தார்.

இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தார். கல் ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தது. அடிகளை எண்ண ஆரம்பித்தார். பத்து. இருபது. பின்னால் வாயின் வெளிச்சம் தட்டளவு சுருங்கி, வளைவில் மறைந்தது. முன்னால் மைல்கல்லின் நெற்றி விளக்கு மட்டும். முப்பத்தெட்டாவது அடியில் கைக்குக் கீழே சுவர் காணாமல் போனது.

அக்கா அலறிவிட்டார். அலறல் சுரங்கம் முழுக்க ஓடித் திரும்பி வந்தது.

"அது ஒண்ணுமில்லம்மா" என்றார் மைல்கல், விளக்கைத் திருப்பி. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மாடம் குடைந்திருந்தது. "ரயில் ஓடின காலத்துல உள்ள வேலை பாத்தவங்க ஒதுங்கி நிக்கறதுக்கு. ரெண்டு பேர் நெருக்கி நிக்கலாம். வழி பூரா இருக்கும்."

"எத்தனை அடிக்கு ஒண்ணு?"

"அதெல்லாம் எண்ணினது இல்ல."

அக்கா எண்ணினார். அடுத்த மாடம் முப்பத்தாறு அடியில் வந்தது. அதற்கடுத்ததும் முப்பத்தாறு. இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் வெறும் சுவர். எண்ணிக்கொண்டிருக்கும்வரை மூச்சு விட முடிந்தது. எட்டாவது மாடத்தைத் தாண்டினார்கள். அங்கிருந்து ஒன்பது, பத்து, பதினோரு அடி.

தங்கையின் கைத்தடி தண்டவாளத்தில் தட்டியது. "ஏய், இது நடுங்குதே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லோரும் நின்றார்கள். முதலில் எதுவும் கேட்கவில்லை. பிறகு தகரத்தின்மேல் பட்டாணி கொட்டுவது போல ஒரு சத்தம், எங்கோ முன்னால், மேலே. அது நெருங்கியது. பட்டாணி கல்லாயிற்று. கல் பாறையாயிற்று. முகத்தில் காற்று மோதியது.

"மழையா?" என்றார் பல் டாக்டர்.

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று பின்னால் பலர் கேட்டார்கள். ரயில் வராது என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவர் மட்டும் காலையிலிருந்து நம்பவேயில்லை, அவ்வளவுதான். கத்த வாயைத் திறந்தார். பதினெட்டு வருடம் ஊரையே அமைதிப்படுத்திய அந்தக் குரல் வரவில்லை. தொண்டையில் காற்று மட்டும் சீறியது. தங்கையின் முதுகுப்பையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பதினோரு அடி. மாடத்துக்குள் அவளைத் தள்ளினார். கைக்கு அகப்பட்ட பேக்கரிக்காரரின் சட்டையைப் பிடித்து அவரையும் அதற்குள் திணித்தார். அப்போதுதான் குரல் வந்தது. அது அவருடைய குரல் மாதிரியே இல்லை.

"சுவத்துக்குள்ள! பின்னால வாங்க! எல்லாரும்!"

பல் டாக்டரும் மனைவியும் ஓடி வந்தார்கள். இரண்டு பேருக்குமேல் இடமில்லாத குழியில் ஐந்து பேர் ஒருவர்மேல் ஒருவராக அப்பிக்கொண்டார்கள். மைல்கல் எல்லோருக்கும் முன்னால் போயிருந்தார். அவருடைய நெற்றி விளக்கு ஒரு கணம் இவர்கள் பக்கம் திரும்பியது. பிறகு சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அந்த வெளிச்சத்தில் அக்கா பார்த்தார். தட்டையான ஒரு வண்டி, நான்கு சக்கரம், அதன்மேல் வெட்டிய தண்டவாளத் துண்டுகள். வண்டியில் ஆள் இல்லை. மைல்கல் வலது பக்கச் சுவரில் பல்லியைப் போல ஒட்டினார்.

அது கடந்து போனபோது அக்காவின் சேலை முந்தானை அதன் பின்னாலேயே பறந்தது. ஏதோ முறிகிற சத்தம். விளக்கு அணைந்தது. பேரிரைச்சல் வளைவைத் தாண்டிக் கீழே இறங்கிப் போய், ஒரு மோதலோடு நின்றது.

இருட்டில் முதலில் கேட்டது பல் டாக்டரின் மனைவி அழுவது. பிறகு மைல்கல், மிகவும் மரியாதையான குரலில், "கொஞ்சம் யாராவது வாங்களேன்" என்றார்.

போன் வெளிச்சத்தில் போய்ப் பார்த்தார்கள். வண்டியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே தட்டியிருந்தது. கால் வளையக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

"டாக்டர், பாருங்க" என்றாள் தங்கை.

"நான் பல்லுக்குத்தானே டாக்டர்" என்றார் அவர், அழுகிற குரலில். ஆனால் மண்டியிட்டுப் பார்த்தார். சதை கிழியவில்லை, எலும்புதான். தங்கையின் கைத்தடியையும் மனைவியின் துப்பட்டாவையும் வாங்கிக் காலோடு சேர்த்துக் கட்டினார். கட்டும்போது மைல்கல் கத்திய கத்தல் இரண்டு பக்கமும் ஓடியது. யாருடைய போனிலும் சிக்னல் இல்லை.

அப்போது மேல்பக்க இருட்டிலிருந்து காலடிச் சத்தம் கேட்டது. வெறுங்கால் ஓட்டம், தடுக்கி விழுந்து எழும் ஓட்டம். "யாராவது இருக்கீங்களா? அய்யோ, உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு பெண் குரல். வெளிச்சத்துக்குள் வந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். ஆண்களின் சட்டை போட்டிருந்தாள், கழுத்தில் வெல்டிங் கண்ணாடி தொங்கியது. தரையில் கிடந்த மைல்கல்லைப் பார்த்ததும் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துட்டாரா?"

"சாகலம்மா" என்றார் மைல்கல்.

"கயிறு அறுந்துடுச்சு. முட்டுக் கல்லு வச்சிருந்தோம், மழைக்கு மண்ணு இளகி வழுக்கிடுச்சு. இந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்கன்னு..." என்று அவள் அழுதாள்.

பேக்கரிக்காரர் அவளை அடிக்கப் போவது போல எழுந்தார். அக்கா குறுக்கே புகுந்து, தொலைபேசியில் கேட்பது போலவே கேட்டார். "மேல வாசல் எவ்வளவு தூரம்? அங்க ரோடு இருக்கா? போன் எடுக்குமா?"

இருக்கிறது என்றாள். இருநூறு அடி போனால் வாசல். வாசலை ஒட்டி லாரி வருகிற பாதை. அங்கே போன் எடுக்கும். ஆளைத் தூக்கிக்கொண்டு போனால் கால் தாங்காது. கீழே ஓடிய வண்டியில் இரும்பை இறக்கிவிட்டு, அதில் படுக்க வைத்துத் தள்ளலாம். உடனே முடிவாயிற்று. தங்கை மேலே ஓடி ஆம்புலன்ஸுக்குச் சொல்ல வேண்டும். மற்ற நான்கு பேரும் கீழே போய் வண்டியைக் கொண்டுவர வேண்டும். அதைத் தள்ள நான்கு பேர் நிச்சயம் வேண்டும். மைல்கல்லோடு இருக்க ஒருவர்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது இரும்புக்காரி தயங்கி நின்றாள். "ஒண்ணு சொல்லணும். மேல இன்னொரு வண்டி நிக்குது. லோடோட. என் வீட்டுக்காரர் ஆளைக் கூட்டிட்டு வரப் போயிருக்கார், அங்க யாரும் இல்ல. ஆனா அது நல்லா கட்டியிருக்கு. முட்டும் கொடுத்திருக்கு."

"இதுக்கும் அப்படித்தானே கொடுத்திருந்தே?" என்றார் அக்கா.

தங்கை, "நான் போய் அதுக்கு இன்னும் நாலு கல்லு வைக்கிறேன்க்கா" என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் ஓடினாள். மற்றவர்கள் கீழ்நோக்கிப் போனார்கள். வளைவில் அவர்கள் வெளிச்சமும் மறைந்தது.

அக்காவின் போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. அணைத்து வைத்தார். அப்படி ஒரு இருட்டை அவர் கண்டதில்லை. கண் திறந்திருக்கிறதா என்று இமையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. மலை முழுவதும் தன் தலைக்குமேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. எழுந்து ஓடிவிடு என்று உடம்பு கத்தியது. கீழே மாடம் பதினோரு அடி. மேலே இருநூறு அடி, பிறகு வானம். மைல்கல்லுக்குத் தெரியவா போகிறது? அவர் கண்ணை மூடிக் கிடந்தார். ஒருமுறை அக்கா எழுந்தே நின்றுவிட்டார். இரண்டு அடி வைத்தார்.

"இருக்கீங்களா?" என்று மைல்கல் கேட்டார்.

அந்தக் கேள்வியைத் தான் கேட்ட அந்தப் பதினோரு நிமிடம் அக்காவின் முதுகில் சில்லென்று இறங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இருக்கேன். நான் லைன்லயே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"உதவி வந்துடுமா?"

"கிளம்பிட்டாங்க. வந்துகிட்டே இருக்காங்க."

"நிஜமாவா?"

"தெரியல சார்" என்றார் அக்கா. "போன் எடுத்துச்சான்னே தெரியல. அந்த இன்னொரு வண்டி நிக்குமான்னும் தெரியல. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது."

இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. "நல்லவேளை, சொன்னீங்க. நான் மட்டும்தான் பயந்துகிட்டிருக்கேன்னு நினைச்சேன். வெட்கமா இருந்துச்சு."

அக்கா வலது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இடது கையைத் தண்டவாளத்தின்மேல் வைத்தார். சத்தம் கேட்பதற்கு முன்பே இரும்புக்குத் தெரிந்துவிடும் என்று அவர் பார்த்திருந்தாரே. உறைந்த இரும்பு. விரல் மரத்துப் போனது, எடுக்கவில்லை. பேசினார்கள். மைல்கல் தனக்கு நீச்சல் தெரியாது என்றார், ஆற்று வரைபடம் நூறு வரைந்திருக்கிறாராம். அக்கா ஸ்கேன் குழாயிலிருந்து ஓடி வந்த கதையைச் சொன்னார். அவர் சிரிக்கப் போய்க் கால் வலித்து முனகினார். நேரம் எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை.

திடீரென்று விரலுக்கடியில் ஒரு எறும்பு ஊர்வது போல இருந்தது.

அக்கா மூச்சை நிறுத்தினார். எறும்பு இல்லை. இரும்பு நடுங்கியது. மிக மெல்ல, ஆனால் நடுங்கியது.

"சார், வண்டி வருது."

"எந்தப் பக்கம்?"

அதுதான் தெரியவில்லை. கீழேயிருந்து தள்ளிக்கொண்டு வருகிறார்களா, மேலேயிருந்து அவிழ்ந்து வருகிறதா? இரும்பு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் நடுங்கும். இருட்டில் காதைத் தீட்டினார். இரண்டு பக்கத்திலிருந்தும் எதிரொலிதான் வந்தது.

"நீங்க போய் ஒதுங்குங்க" என்றார் மைல்கல். "நான் சுவரோரமாத்தானே கிடக்கேன். போங்கம்மா."

அவர் சுவரோரமாக இல்லை. கட்டுப் போட்ட கால் தண்டவாளம்வரை நீண்டிருந்தது. அக்கா அவருடைய அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துப் பின்னால் இழுத்தார். மைல்கல் கத்தினார். தண்டவாளத்தைத் தாண்டி, ஜல்லியின்மேல், ஒரு அடி, இன்னொரு அடி. எண்ணிக்கொண்டே இழுத்தார். "விடுங்க, விடுங்க" என்று அவர் கெஞ்சினார், திட்டினார், அழுதார். அக்கா விடவில்லை. சத்தம் இப்போது காதுக்கே கேட்டது. பதினோரு அடியில் முதுகுக்குப் பின்னால் சுவர் இல்லாமல் போனது. தான் உள்ளே நுழைந்து, அவரைத் தன் மடிமேல் இழுத்துப்போட்டு, அந்தக் காலை இரண்டு கைகளாலும் பிடித்து உள்ளே மடக்கிக்கொண்டார். அந்தச் சின்னக் குழிக்குள், ஈரக் கல் முதுகை அழுத்த, ஒரு ஆளின் பாரம் நெஞ்சை அழுத்த, அசைய இடமில்லாமல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"தள்ளு... ஹோய்! தள்ளு... ஹோய்!"

கீழ்ப்பக்கத்திலிருந்து வந்த அந்தக் குரல் பல் டாக்டருடையது. மூச்சு வாங்கிக்கொண்டு, சுதியில்லாமல், அவ்வளவு மோசமாக.

அக்கா அழ ஆரம்பித்தார். வண்டி வந்து நின்று, மைல்கல்லை ஏற்றி, மேலே தள்ளிக்கொண்டு போகும்வரை அழுகை நிற்கவில்லை. அழுதுகொண்டேதான் அவரும் ஒரு மூலையில் தோள் கொடுத்துத் தள்ளினார். வாசலில் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இரண்டாவது வண்டியின் சக்கரங்களுக்கு முன்னால் தங்கை தூக்கிவைத்த கற்கள் சின்னச் சுவர் போல நின்றன; அதற்குமேல் அவளே உட்கார்ந்திருந்தாள், தான் உட்கார்ந்தால் வண்டி நின்றுவிடும் என்பது போல.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே போலீஸ் ஜீப்பும் வந்தது. ஓடிவிட இரும்புக்காரிக்கு எவ்வளவோ நேரம் இருந்தது, அவள் போகவில்லை. எப்படி அடிபட்டது என்று போலீஸ்காரர் கேட்டார்.

"தடுக்கி விழுந்தேன்" என்றார் மைல்கல், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி.

போலீஸ்காரர் மற்றவர்களைப் பார்த்தார். பல் டாக்டர் தரையைப் பார்த்தார். இரும்புக்காரி அக்காவைப் பார்த்தாள்.

அக்கா உள்ளதைச் சொன்னார். கயிறு அறுந்து வண்டி வந்ததைச் சொன்னார். அந்தப் பெண் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்ததையும் சொன்னார். "ரெண்டையும் எழுதிக்கங்க" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை வேற யாராவது உள்ள போவாங்க."

இரண்டு மாதத்தில் சுரங்கத்தின் இரண்டு வாயிலும் கம்பிக் கதவு போட்டார்கள். வண்டிகள் இரண்டையும் பறிமுதல் செய்தார்கள். மைல்கல்லின் காலுக்குள் ஒரு உலோகக் கம்பி வைத்தார்கள்; ஐந்து மாதம் கழித்து அவர் தெருமுனைவரை நடந்து, "இதுவரைக்கும் அரைக்கால்" என்று போனில் சொன்னார். அக்கா குழுவோடு பிறகு போகவில்லை. பயம் குறையவும் இல்லை. கொஞ்ச நாள் கூடத்தான் செய்தது. படுக்கையறைக் கதவையும் திறந்து வைத்தே தூங்கினார்.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரைக் கூட்டிக்கொண்டு, அந்த லாரிப் பாதையோரம் இருந்த இரும்புக்காரியின் தகரக் கொட்டகைக்குப் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. இரும்புக்காரி வாசலில் பழைய சைக்கிள்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வண்டி ரெண்டும் போச்சு" என்றாள். "அந்தப் பெரியவரே விழுந்தேன்னு சொன்னார். நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா, நான்தான் சொன்னேன்."

அவள் ஒரு சக்கரத்தைக் கழற்றி ஓரமாக வைத்தாள். ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அக்காவுக்கு முன்னால் நீட்டினாள். குறுக்கே, விரல் அகலத்துக்கு, இரண்டு கைகளிலும் இளஞ்சிவப்புத் தழும்பு.

"கயிறு அறுந்துச்சுன்னு சொன்னேன்ல. அறுந்த கயித்தைப் பிடிச்சேன். டனல் வாசல் வரைக்கும் என்னை இழுத்துக்கிட்டுப் போச்சு. அங்க விட்டுட்டேன். உள்ள இருட்டா இருந்துச்சு, பயமா இருந்துச்சு, விட்டுட்டேன். இதை நான் போலீஸ்ல சொல்லல. இன்னும் ரெண்டு அடி பிடிச்சிருந்தா நின்னிருக்குமோ என்னவோ."

"நின்னிருக்காது" என்றார் அக்காவின் கணவர். வண்டி ஓட்டுகிறவர், பாரம் இறங்குகிற வேகம் அவருக்குத் தெரியும். "அவ்வளவு லோடு. நாலு ஆள் பிடிச்சாலும் நின்னிருக்காது."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். நம்பலாமா என்று பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "மூணு டம்ளர் டீ போடுங்க" என்று தன் வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்துவிட்டு, உட்காரச் சொல்லிப் பழைய டயர் ஒன்றை அக்காவின் பக்கம் உருட்டினாள்.